பொட்டு வைத்த குண்டு

என் மாமனார் திருப்பதி, எழுபத்தொன்றில் நடந்த பாகிஸ்தான் போரில் சண்டை போட்டவர். இப்போது நினைவு தப்பிவிட்டது. என்னை ‘ஆத்தா’ என்பார். பால் ஊற்ற வருகிறவளையும் அப்படித்தான். பெற்ற மகன் சிங்கப்பூரிலிருந்து வீடியோ காலில் வந்தால், “யாரு, பேங்க்காரரா?” என்று கேட்பார்.

போர்க்களத்தில் எடுத்த பழைய படங்களின் ஆல்பத்தை மடியில் வைத்தால் மட்டும் திரும்பி வந்துவிடுவார். பதுங்குகுழி முன்னால் சிரிக்கிற பையன்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அந்த நேரத்தில்தான் சோற்றுக்கு வாய் திறப்பார். வேறு எதற்கும் திறந்ததில்லை. எனக்கு அதில் பொறாமைகூட உண்டு. குளிப்பாட்டித் துடைக்கிறவள் நான். பெயர் கிடைப்பது செத்துப்போனவர்களுக்கு.

ஆலங்குடிப் பக்கம் எல்லா வீட்டிலும் ஆயுத பூஜைக்கு அரிவாளும் மோட்டாரும் வைப்பார்கள். எங்கள் வீட்டில் மாமாவின் சாமான்களும் பரணிலிருந்து இறங்கும். துப்பாக்கி முனையில் செருகும் கத்தி, கூர்க்கா நண்பர் கொடுத்த வளைந்த குக்ரிக் கத்தி, பித்தளைத் தோட்டாக் கூடுகள், ஒரு கையெறி குண்டு. எண்ணெய் போட்டுத் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைப்பது என் வேலை. இந்த வருடம் என் மகள் காவ்யா அதைப் படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாள். மறுநாள் சிந்திய பொரியைக் கூட்டி முடிப்பதற்குள் போலீஸ் ஜீப் வந்து நின்றது.

“யாரும்மா குண்டுக்குப் பொட்டு வச்சது?” என்றார் எஸ்.ஐ.

“நாந்தான் சார்.”

“பூ வேற வச்சிருக்காங்க சார்,” என்றார் பின்னால் வந்த ஏட்டு.

“உள்ள காலியா?”

“காலின்னுதான் மாமா சொல்லுவாங்க.”

“நீங்க பாத்தீங்களா?”

வருடா வருடம் மடியில் வைத்துத் துடைத்திருக்கிறேன். அந்தக் கனம் கைக்குத் தெரியும். அது காலியின் கனமா, நிறைந்ததன் கனமா என்று இப்போதுதான் யோசித்தேன். எஸ்.ஐ. மாமாவிடம் குனிந்தார். “ஐயா, இதுல மருந்து இருக்கா?”

மாமா அவரைப் பார்த்துச் சிரித்தார். “சாப்பிட்டீங்களா?” என்றார்.

எங்களைத் தெருவுக்கு அனுப்பினார்கள். பக்கத்து வீட்டுச் செவந்தி என்னைப் பிடித்துக்கொண்டாள். “அடிப்பாவி, தெனம் கறிவேப்பிலைக்கு ஒங்க வீட்டுக்குத்தானடி வந்தேன்! ஒரு வார்த்தை சொன்னியா?” காவ்யா, “டெலிட் பண்ணிட்டேம்மா, டெலிட் பண்ணிட்டேன்” என்று அழுதாள். புதுக்கோட்டையிலிருந்து வந்த வெடிகுண்டுப் பிரிவினர் குண்டை மணல் வாளியில் இறக்கி எடுத்துப் போனார்கள்.

எங்களை உள்ளே விட்டதும் எஸ்.ஐ. ஆல்பத்தைப் புரட்டினார். ஒரு படத்தில் மாமாவின் கையில் அதே மாதிரி குண்டு. “இதும் வேணும்மா. எங்கேருந்து வந்துச்சுன்னு காட்டணும்ல.”

“சார், அதைக் காட்டினாத்தான் அவங்க சாப்பிடுவாங்க.”

“புரியுதும்மா. கேஸ் முடிஞ்சதும் கோர்ட்ல மனு போட்டு வாங்கிக்கங்க.”

“ஒண்ணாச்சும் விட்டுட்டுப் போங்க.”

“ஒண்ண உருவுனா நாளைக்கு என்னையக் கேப்பாங்க. வேணும்னா போன்ல எடுத்துக்கங்க.”

அவர் கோபப்பட்டிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் பொறுமையாக நின்றார். நான் படமெடுத்து முடித்ததும் மாமாவே எழுந்தார். ஆல்பத்தை வாங்கி, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, விறைப்பாக நின்று, சீருடைக்காரரிடம் இரு கையாலும் ஒப்படைத்தார். நான் யாரிடம் பிடுங்குவது?

சாயங்காலம் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்தேன். காவ்யா போனில் முதல் படத்தைக் காட்டினாள். மாமாவின் முகம் மலர்ந்தது. தாளில் செய்வதுபோலவே கட்டைவிரலை ஒருவன் முகத்தில் வைத்தார். படம் வழுக்கிக்கொண்டு போய் அடுத்தது வந்தது. அதில் இருந்தவனைத் தொட்டார். அதுவும் போனது.

“ஏன் ஓடுறானுங்க?”

“தொடாமப் பாருங்க மாமா,” என்று அவர் கையைப் பிடித்தேன். உதறிவிட்டார். விரல் இன்னும் வேகமாகத் தேடியது. முகங்கள் இன்னும் வேகமாக ஓடின.

“டேய், நில்லுங்கடா!”

காவ்யா போனை அணைத்துவிட்டாள். மாமா வாயை இறுக மூடிக்கொண்டார். நீட்டிய என் கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது.