எண்பத்தொன்பதில் நின்றது

டாக்டர் சுந்தரராமன் தராசுச் சட்டத்தில் இருந்த இரும்புக் குண்டை விரல் நுனியால் ஒரு கோடு இடப்பக்கம் தள்ளினார். சட்டம் மேலே எழும்பி முட்டிக்கொண்டு நின்றது. குண்டைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார். சட்டம் நடுவுக்கு இறங்கி அசையாமல் நின்றது. எண்பத்தொன்பது கிலோ. தேயிலைப் பெட்டிகளை நிறுக்கும் அந்த மேடைத் தராசின்மேல் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்த கத்தரீனாள், டாக்டரின் முகத்தைப் பார்க்காமல் சுவரோரம் அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தாள். பாக்டரியில் சனிக்கிழமை மதியம் இயந்திரங்களை நிறுத்தியிருந்தார்கள். பெட்டிக்கு ஆணி அடிக்கும் ஆட்கள் சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"பதினோராவது வாரமாக்கும் இது," என்றார் டாக்டர். "ஒரு கிலோ கூடக் குறையலை. என்ன தின்னே, சொல்லு."

"காலம்பற ஒரு இட்டிலி. மத்தியானம் ஒரு கை சோறு, மோர் ஊத்தி. வேற ஒண்ணுமில்ல, சார்."

"பொய் சொல்லப்படாது கத்தரீனா. நேக்குக் கணக்குத் தெரியும். அந்த ஆகாரத்துக்கு நீ இளைக்காம இருக்கவே முடியாது."

பெட்டி அடிக்கிறவர்களில் ஒருவன் சிரித்தான். அவள் புடவை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தராசிலிருந்து இறங்கினாள்.

வண்டிப்பெரியாருக்கு மேலே ஏழு மைல் தள்ளி இருந்த அந்த எஸ்டேட்டில், கொழுந்து பறிக்கப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கிரஷ்ஷில் அவள் ஆயா. எழுபத்துநாலாம் வருஷத் தொடக்கத்தில் அவள் எடை நூற்றுப் பன்னிரண்டு கிலோ. மூட்டு இரண்டும் வீங்கிப்போய், லயத்து வரிசை வீட்டிலிருந்து கிரஷ்ஷுக்கு ஏறும் நாற்பது படியில் நாலு இடத்தில் உட்கார்ந்து எழுந்தாள். வேலை செய்ய முடியாதவர்களுக்கு எஸ்டேட்டில் வீடு கிடையாது. அந்த நேரத்தில்தான் கல்பாத்திக்காரரான சுந்தரராமன், அமெரிக்காவில் படித்துவிட்டு எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். குடலில் ஒரு முழத்தை மட்டும் வேலைக்கு வைத்துக்கொண்டு மீதியை ஓரமாகச் சும்மா கிடக்க விட்டால், தின்பது உடம்பில் ஒட்டாது, ஆள் இளைத்துவிடுவாள் என்றார். இங்கே இதுவரை யாருக்கும் செய்ததில்லை, நான் செய்கிறேன் என்றார். தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின வாரம் வயிற்றைக் கிழித்துத் தைத்தார்.

அவர் சொன்னதுபோலவேதான் நடந்தது. தின்றால் கால்மணி நேரத்தில் வயிறு கலக்கும். எட்டு வீட்டுக்கு ஒன்றாக இருந்த கக்கூஸுக்கு நாளில் ஏழெட்டுத் தடவை ஓடினாள். முடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. ஆனாலும் மாதம் நாலைந்து கிலோ இறங்கியது. ஜூலையில் அந்த நாற்பது படியையும் எங்கும் உட்காராமல் ஏறி, மேலே நின்று அழுதாள். டாக்டர் கட்டம் போட்ட தாளில் வாராவாரம் ஒரு புள்ளி வைத்துக் கோடு இழுத்தார். மலைச்சரிவு மாதிரி இறங்கி வந்த கோடு எண்பத்தொன்பதுக்கு வந்ததும் தரையில் படுத்துக்கொண்டது. டிசம்பரில் மெட்ராஸில் சர்ஜன்கள் கூடும் இடத்தில் அந்தத் தாளைத்தான் அவர் காட்டுவதாக இருந்தார்.

அரிசி கிடைக்காத வருஷம் அது. ரேஷன் கடை வாசலில் விடியற்காலையிலேயே வரிசை நின்றது. கிழங்கை அவித்துத் தின்றுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் கண்ணுக்குக் கத்தரீனாளின் உடம்பு தப்பாகத்தான் தெரிந்தது. கிரஷ்ஷில் கொடுக்கும் பாலில் தண்ணீர் கூடுதலாக இருக்கிறது, பிள்ளை பசி தாங்காமல் அழுகிறது என்று ஒரு தாய் சொன்னாள். அடுத்த நாள் நாலு பேர் சொன்னார்கள். வெல்ஃபேர் ஆபீசர் வந்து பால்பவுடர் டின்களை எண்ணிவிட்டுப் போனார். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பாள்.

தராசில் ஏறி இறங்கிய அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், பாக்டரியில் இலை உருட்டும் அறையில் வேலை பார்க்கும் அவள் புருஷன் சுவக்கீன், வீட்டு வாசலில் காலைக் கழுவிக்கொண்டே கேட்டான். அவளைப் பார்த்துக் கேட்கவில்லை. தன் காலைப் பார்த்துக் கேட்டான்.

"ஏட்டி, நெசத்தச் சொல்லு. பிள்ளைகளுக்குள்ள பாலத் தொட்டியா?"

அவள் அடுப்பில் ஊதிக்கொண்டிருந்த குழலைக் கீழே வைத்தாள். பதினெட்டு வருஷம் ஒரே பாயில் படுத்த மனுஷன். வயிற்றுத் தையல் பிரிந்து சீழ் வடிந்தபோது முகம் சுளிக்காமல் துணி மாற்றியவன்.

"ஊர் கேக்குது. நீங்களும் கேக்குதியளோ?"

"அங்க சிரிக்கானுவ. எனக்கு மட்டும் காது இல்லையா?"

அவள் குழலை எடுத்து மறுபடி அடுப்பை ஊதினாள். ஆனால் அன்று படுத்த பிறகு ஒரு பயம் வந்தது. தனக்குத் தெரியாமலேயே தின்கிறோமோ? தூக்கத்தில் எழுந்து போய்த் தின்கிறவர்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறாள். டாக்டர் படித்தவர். அவருடைய கணக்கு தப்பாக இருக்குமா? நாவைச் சுழற்றி வாய்க்குள் ஏதாவது இனிப்பு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். பார்த்தது நினைவு வந்ததும் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரித் திண்டில் காத்திருந்து, டாக்டர் காரிலிருந்து இறங்கியதுமே முன்னால் போய் நின்றாள்.

"என்னையப் பூட்டி வைங்க, சார்."

"என்ன?"

"ஒரு ரூம்புல போட்டுப் பூட்டுங்க. சாவிய நீங்க வச்சுக்கிடுங்க. நீங்க நிறுத்துக் குடுக்கதத்தான் தின்பேன். பதினாலு நாள். அப்புறம் தராசுல ஏத்திப் பாருங்க. குறைஞ்சா நான் களவாணி. ஊருக்கு முன்னால நின்னு ஒத்துக்கிடுதேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குறையலைன்னா?"

"அத நீங்கதான் சொல்லணும்."

பிரசவ வார்டுக்குப் பின்னால் மருந்துப் பெட்டிகள் போட்டு வைத்திருந்த அறையை ஒழித்தார்கள். ஜன்னலுக்குக் கம்பி இருந்தது. கூடவே ஒரு கக்கூஸும் இருந்தது. பாக்டரித் தராசையே டிராக்டரில் ஏற்றிக் கொண்டுவந்து வராந்தாவில் இறக்கினார்கள். சாவி நர்ஸ் ஏலியம்மா சிஸ்டரின் இடுப்பில் தொங்கியது. சோற்றைத் தராசில் போட்டு, மோரை அளந்து, அவள் தின்று முடிக்கும் வரை சிஸ்டர் எதிரே உட்கார்ந்திருப்பாள்.

முதல் மூன்று நாள் கத்தரீனாள் ஜெபமாலை உருட்டினாள். நாலாம் நாளிலிருந்து அதுவும் ஓடவில்லை. மழை பிடித்துக்கொண்டது. தினமும் காலையில் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும், தராசில் ஏற வெறுங்காலோடு எழுந்து நிற்பாள். வேண்டிக்கொள்வது எதற்கு என்று அவளுக்கே குழப்பம். எட்டு மாதமாக மாதாவிடம் குறையட்டும் குறையட்டும் என்று கேட்டவள், இப்போது குறையக் கூடாது என்று கேட்க வேண்டியிருந்தது. குறைந்தால் திருடி. குறையாவிட்டால் இந்த உடம்பு இப்படியேதான். ஆறாம் நாள் எண்பத்தொன்பதுக்குக் கால் கிலோ குறைவாகக் காட்டியது. டாக்டர் எழுதிக்கொண்டார். பயத்தில் அன்று அவளுக்குக் கொடுத்த சோறுகூட முழுதாக இறங்கவில்லை. ஒன்பதாம் நாள், நிற்கும்போது கண் இருட்டிச் சுவரைப் பிடித்தாள். ஏலியம்மா தன் மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்திலிருந்து ஒரு பழத்தை எடுத்து நீட்டினாள்.

"ஒரு பழமல்லே. ஆரும் அறியண்டா."

"நான் அறிவேன்லா, சிஸ்டர்," என்றாள் கத்தரீனாள். "கொண்டு போங்க. வாசம் வருது."

பதினாலாம் நாள் வெல்ஃபேர் ஆபீசரும் வந்திருந்தார். அவள் ஏறி நின்றாள். சட்டம் எழும்பியது. டாக்டர் குண்டை வலப்பக்கம் நகர்த்தினார். எண்பத்தொன்பதரை. இறங்கச் சொல்லி, இருபது கிலோ எடைக்கற்களை ஒவ்வொன்றாக ஏற்றித் தராசைச் சோதித்தார். தராசு சரியாக இருந்தது. மறுபடி ஏறச் சொன்னார். எண்பத்தொன்பதரை. வெல்ஃபேர் ஆபீசர் குடையை எடுத்துக்கொண்டு, வேலை இருக்கிறது என்று கிளம்பினார்.

டாக்டர் அவளை உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவள் அந்த அறையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"நீ பொய் சொல்லலை," என்றார். கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "வேலைக்கு வச்ச அந்த ஒரு முழமே மொத்த வேலையையும் கத்துண்டுடுத்து. இத்துனூண்டு கொடுத்தாலும் அத்தனையையும் பிடிச்சுக்கறது. உடம்பு பிழைக்கப் பார்க்கறதாக்கும். தப்பு உன்மேல இல்லை. நான் வச்ச நீளம் ஜாஸ்தி. திறந்து இன்னும் கொஞ்சம் குறைச்சுட்டாப் போறும். அடுத்த மாசமே பண்ணிடலாம், டிசம்பருக்குள்ள." மேசை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். "இங்கே கையெழுத்துப் போடு."

அவள் காகிதத்தைப் பார்த்தாள். முதல் தடவை இதேபோன்ற காகிதத்தில் எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டிருந்தாள். அவரை வெறுக்க அவளால் முடியவில்லை. நாற்பது படியும் அவர் கொடுத்தது. ஆனால் வயிற்றுத் தையல் தானாகவே கூசி இறுகியது.

"இன்னொரு தாள் இருக்கா, சார்?"

"எதுக்கு?"

"நான் பிள்ளைக பாலக் குடிக்கலன்னு அதுல எழுதி, சீல் குத்திக் குடுங்க. மலையாளத்துலயும் தமிழ்லயும். கிரஷ் கதவுல ஒட்டணும்."

அவர் அவளையே பார்த்தார். பிறகு எழுதினார். தமிழில் எழுதும்போது இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தினார். அவள் அதை வாங்கி எழுத்துக்கூட்டி முழுதும் படித்துவிட்டு மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"மத்தது?" என்றார் டாக்டர்.

"யோசிக்கணும், சார்."

"இதில் யோசிக்க என்ன இருக்கு?"

"எனக்கு இருக்கு," என்று எழுந்தாள்.

வாசலில் சுவக்கீன் குடையோடு நின்றிருந்தான். அவளைக் கண்டதும் நாலடி முன்னால் வந்தான். "நீ இல்லாத இந்தப் பதினாலு நாளும் அதே கணக்குதான் பவுடர் செலவாயிருக்கு. நான் போயிப் பாத்துட்டேன்," என்றான். முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது.

"அப்ப டின்னு எண்ணிட்டுத்தான் வந்தியளா?"

அவன் சிரிப்பு அணைந்தது. குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி நடந்தான்.

ரோட்டு முக்கில் டீக்கடை. வேலை முடியும் நேரமாதலால் பெஞ்சு நிறைய ஆள் இருந்தது. கத்தரீனாள் நேராக உள்ளே போனாள். ஒருவன் எழுந்து இடம் விட்டான். ஆபரேஷனுக்குப் பிறகு நாலு பேர் பார்க்க அவள் எதுவும் தின்றதில்லை.

"ஒரு பிளேட்டு கப்பை. மீன்கொழம்பு ஊத்தித் தாங்க."

கடைக்காரர் சுவக்கீனைப் பார்த்தார். கொடுங்க என்பதுபோல் சுவக்கீன் தலையை ஆட்டினான். மரவள்ளிக் கிழங்கோடு தட்டு வந்தது. கால்மணி நேரம்தான், அதற்குப் பிறகு வயிறு கலக்கும், இங்கிருந்து லயத்துக்கு எத்தனை நிமிஷம் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். சுவக்கீன் ஈரக் குடையை விரித்தபடியே வந்து, ரோட்டில் போகிறவர்கள் கண்ணில் அவள் படாதபடி முன்னால் நின்றான்.

"மறைக்காதிய," என்றாள். "பாக்கட்டும்."

அவன் ஒதுங்கினான். எதிரே கொழுந்துச் சாக்குகளோடு வந்த டிராக்டர் நின்றிருந்தது. அதன்மேல் தலையில் பிளாஸ்டிக் போர்த்தி உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் மழைக்குள்ளிருந்து அவளையே பார்த்தார்கள். கத்தரீனாள் ஆவி பறக்கும் கிழங்கில் ஒரு துண்டைப் பிய்த்து, சிவந்த குழம்பில் தோய்த்து, ஊதி ஊதி ஆற்றினாள்.