மேஜருக்குப் போட்ட மாட்டுச் சங்கிலி

மடுல்கெல்லைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் லூக்காஸ் வளர்த்த மேஜர் என்ற நாய்க்கு மனிதர்மேல் கோபமே கிடையாது. படங்கின்மேல்தான் கோபம். மரக்கறிப் பாத்தியைக் காட்டுப்பன்றி கிளறுகிறதென்று, கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் சுற்றும் சாக்குப் படங்கொன்றில் காய்ந்த மானாப்புல்லை அடைத்து, அதுதான் பன்றியென்று கடிக்கப் பழக்கியிருந்தான். மூன்று மாதத்தில் நாய் நன்றாகவே தேறியது. நிசப் பன்றியைக் கண்டால் வாலாட்டும். படங்கைக் கண்டால் பல்லை ஊன்றும்.

கட்டிப்போடச் சொன்னவர்களிடமெல்லாம், அது ஒன்றும் செய்யாது என்று லூக்காஸ் மனதாரச் சொல்லிவந்தான். ஒரு திங்கள் பின்னேரம் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் நாற்பத்திரண்டு பெண்கள் நிறுவைக்கு நிற்கையில் மேஜர் உள்ளே வந்தது. இரத்தம் தகரக் கூரைவரை தெறித்தது. பதினேழு பேர் ஒன்றாய்த் தராசில் ஏறியதில் அன்றைய எடை தோட்டம் காணாத அளவுக்குப் போக, துரை கொழும்புக்கு நல்ல செய்தி அனுப்பிவிட்டார். வரிசையில் நின்று கடிபட்ட நிஷாந்தியின் கெண்டைக்கால் சதை மட்டும் தனியாகத் தொங்கியது.

கண்டி ஆஸ்பத்திரியில் பதினான்கு தையல், ஊசி வேறு. அவள் திரும்பி வருவதற்குள் தொழிற்சங்கத் தலைவர் பொன்னுத்துரை கவ்வாத்துக் கத்தியை வீசி மேஜரின் பாதிக் காதை எடுத்திருந்தார். மீதியையும் எடுக்க ஓங்கியவரை நொண்டிக்கொண்டே வந்து தடுத்தது நிஷாந்திதான். கத்தியை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

"வெட்டுறது ஒரு நிமிச வேலை, லூக்காஸ் அண்ணே. மடுவத்து வழி எல்லாருக்கும் பொது. நாளைக்கு நிறுவை நேரத்தில நாயைப் புடிச்சு மறுவாசல் வரைக்கும் கூட்டிப் போய்க் காட்டுங்க. ஒருத்தர் மேல பல்லு பட்டாலும் நானே வெட்டுவேன்."

பிள்ளையில்லாத லூக்காஸுக்கு மேஜர்தான் பிள்ளை. அன்றிரவு மனைவி யோசப்பின் மாட்டுச் சங்கிலியை எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் சங்கிலியை நாயின் கழுத்தில் மாட்டி, மறுமுனையை மணிக்கட்டில் நான்கு சுற்றுச் சுற்றிக்கொண்டு வந்தான். நாற்பத்தொரு படங்குகளை ஒருசேரக் கண்டதும் மேஜர் பாய்ந்தது. லூக்காஸ் விடவில்லை. நாய் அவனைத் தரையோடு இழுத்துக் கல்லில் மோதியது. அவனுக்கு இரண்டு பல் போயிற்று. தூணில் அறைந்தது, தோள்மூட்டு கழன்றது. அந்தக் கை அன்றைக்கு நான்கு விரற்கடை நீண்டதை அளந்து பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். படங்குக்கு ஒரு சாண் முன்னால் சங்கிலி நிற்க, ஆத்திரத்தில் மேஜர் திரும்பி, இழுத்தவனின் தொடையையே கவ்விக் கிழித்தது. அப்போதும் அவன் சங்கிலியை விடவில்லை. மடுவத்தின் மறுவாசல்வரை அவனும் நாயும் இரத்தமுமாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

நிஷாந்தி கத்தியோடு பின்னாலேயே வந்தாள்.

"யாரையும் கடிச்சிச்சா தங்கச்சி?" என்றான் லூக்காஸ், மல்லாந்து கிடந்தபடி.

"உங்களைக் கடிச்சிருக்கு."

"என்னைச் சேக்காதீங்க."

அவள் அவன் தொடையைப் பார்த்தாள், மேஜரைப் பார்த்தாள். பிறகு, வளர்த்தவன் கணக்கில் வரமாட்டான் என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, அவன் மணிக்கட்டிலிருந்து சங்கிலியைச் சுற்றுச் சுற்றாய்க் கழற்றி, தன் கையாலேயே மறுவாசல் தூணில் இரட்டை முடிச்சாகப் போட்டாள்.