இடது பக்கம் அரை இன்ச்

தெருவில் எல்லோருக்கும் அவள் டெய்லர் அக்கா. பள்ளிச் சீருடை தைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தைத்த மூட்டைகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கென்றே நாற்பத்து நான்கு வயதில் கார் ஓட்டப் பழகி, ஒரு பழைய காரையும் வாங்கினாள். வாங்கிய ஐந்தாம் மாதம், குறுக்கே வந்த சைக்கிள்காரரைத் தப்பவிடப் போய், இடது முன்சக்கரத்தை நடைபாதைக் கல்லில் மோதிவிட்டாள். யார் மேலும் ஒரு கீறல் இல்லை. பம்பர் உடைந்தது, ஒரு விளக்கு போனது, அவ்வளவுதான் என்றார்கள்.

அவ்வளவோடு முடியவில்லை. ஒர்க்‌ஷாப்பிலிருந்து புதுப் பம்பரோடு பளபளவென்று திரும்பிய கார் நேராகப் போக மறுத்தது. ஸ்டியரிங் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், இடது பக்கம் ஒதுங்கியது. அரை மணி நேரம் ஓட்டினால் தோள்பட்டை விண்ணென்று வலித்தது.

அவள் வீட்டுக்காரருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தபடி ஓட்டுவதில் கைதேர்ந்தவர்.

"கல்லுல மோதின பயம் இன்னும் உன் கையில இருக்கு. உனக்கே தெரியாம நீதான் இழுக்கிற" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்.

மெக்கானிக்கிடம் மறுபடி கொண்டுபோனாள். அவன் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, ரோடே இடது பக்கம் சரிவு என்றான். காற்றைச் சரிபார்த்தான், முன் டயர்கள் இரண்டையும் பக்கம் மாற்றிப் போட்டான். சக்கரங்கள் நேராக இருக்கின்றனவா என்று பார்க்கும் அலைன்மென்ட் மெஷின் கொடுத்த தாளை எடுத்துக் காட்டினான். எல்லாமே சரி என்று பச்சையில் இருந்தது. கார் மட்டும் பழையபடி இடது பக்கமே போனது.

வண்டியில் குறை இல்லை என்று எல்லோரும் சொன்னால் தன் மேலேயே சந்தேகம் வந்துவிடும் அல்லவா? இரண்டு நாள் தையல் மெஷினில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். துணி ஊசிக்கடியில் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடியது. பன்னிரண்டு சட்டை தைத்து முடித்தபோது அவளுக்குச் சந்தேகம் விட்டுப்போயிருந்தது. கோளாறு கையில் இல்லை. பள்ளி திறக்கப் பத்து நாள்தான் இருந்தது. அதற்குள் கண்டுபிடித்தே தீருவது என்று முடிவு கட்டினாள்.

ஞாயிறு காலை காரைச் சமமான சிமென்ட் தரையில், சக்கரங்களை நேராக வைத்து நிறுத்தினாள். இடுப்புப் பட்டிக்குள் வைத்துத் தைக்கும், இழுத்தால் நீளாத நாடா ஒன்றை எடுத்தாள். வலது பின்சக்கரத்தின் நடுவில் ஒரு நுனியை வீட்டுக்காரர் பிடிக்க, முன்சக்கரத்தின் நடுவில் மறுநுனியை இழுத்துப் பிடித்து, நாடாவில் சாக்கட்டியால் கோடு போட்டாள். அதே நாடாவை இடது பக்கம் பிடித்தபோது சக்கரத்தின் நடு, கோட்டுக்கு முன்பே வந்துவிட்டது. அரை இன்ச் குறைவு.

நாடா நழுவியிருக்கும் என்றார் அவர். ஆளை மாற்றி மூன்று தடவை அளந்தார்கள். மூன்று தடவையும் அரை இன்ச். அவர் நாடாவைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு, நாளைக்கு லீவு போட்டுவிட்டுத் தானும் வருவதாகச் சொன்னார்.

ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் முதலில் பிடிகொடுக்கவில்லை. முன்னால் ஐந்து வண்டி நிற்கிறது என்றான். இருக்கட்டும், காத்திருக்கிறேன் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மதியம் ஆகியும் நகராதவளைப் பார்த்து, வேறு வழியில்லாமல் இரும்பு டேப்பை எடுத்துத் தானே அளந்தான். அவனுக்கும் அதே அரை இன்ச் குறைந்தது.

"அக்கா, ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் திருப்பி ஒரு அளவு எடுக்கணும். சக்கரம் பின்னால தள்ளியிருந்தா அதுலதான் தெரியும். அன்னைக்கு அவசரத்துல நான் அதை எடுக்கல."

"சரி தம்பி. இப்ப எடுங்க."

வண்டியைத் தூக்கினான். சக்கரத்தைக் கீழிருந்து பிடித்து நிறுத்தும் இரும்புக் கையை, லோயர் ஆர்ம் என்பதை, டார்ச் அடித்துக் காட்டினான். ஒரு வளைவில் பெயின்ட் வெடித்து, அதன் மூட்டிலிருந்த ரப்பர் புஷ்ஷும் கிழிந்திருந்தது. இரண்டு பக்கத்து ஆர்மையும் கழற்றித் தரையில் அருகருகே வைத்ததும், இடது பக்கத்தது பின்னால் மடங்கியிருப்பது வெறும் கண்ணுக்கே தெரிந்தது.

தட்டி நிமிர்த்தினால் இன்றே முடியாதா என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"வேணாம் சார். நல்லா பிரேக் போடுற நேரத்துல கைவிட்டுரும்."

புது ஆர்ம் மறுநாள் வந்தது. வீட்டுக்காரர் அன்றைக்கும் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். மாட்டி முடித்ததும் நாடாவோடு அவள் குனிந்தாள். இடது பக்கம் ஒரு பென்சில் பருமன் குறைவாகவே இருந்தது.

"இன்னும் இருக்கு தம்பி."

இந்தத் தடவை அவன் சப்பைக்கட்டு கட்டவில்லை. மறுபடி அடியில் புகுந்தான். இரண்டு ஆர்மையும் தாங்குகிற குறுக்குச் சட்டமே மோதிய வேகத்தில் கொஞ்சம் நகர்ந்திருந்தது. போல்ட்டுகளைத் தளர்த்தி, கடப்பாரையால் நெம்பித் துளைக்கு நேர் துளை வைத்து முடுக்குவதற்குள் அவன் சட்டை தொப்பலாகிவிட்டது. இப்போது நாடா இரண்டு பக்கமும் கோட்டில் உட்கார்ந்தது. பிறகு மெஷினில் ஏற்றி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் திருப்பி, விட்டுப்போன அளவையும் எடுத்தான். திரையில் தெரிந்த ஒவ்வொரு எண்ணும் என்ன என்று அவள் கேட்க, அவனும் பொறுமையாகச் சொன்னான்.

ஓட்டிப் பார்க்க அவன் சாவியை வாங்கக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. ஓட்டப்போவது நான்தானே, நானே பார்க்கிறேன் என்றாள். வீட்டுக்காரர் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

ஆளில்லாத நீண்ட சாலையில் ஒரே வேகத்தில் பிடித்து, விரல்களை ஸ்டியரிங்கை விட்டு மயிரிழை விலக்கினாள். ஒன்று, இரண்டு என்று ஐந்து விளக்குக் கம்பங்கள் பின்னால் போயின. கார் கோடு போட்டாற்போல் நேராகப் போனது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

"உன் கையைக் குறை சொன்னேனே. தப்பு என்னுதுதான்" என்றார் அவர், முன்னால் பார்த்தபடியே.

அவள் தலையை ஆட்டினாள். கொஞ்ச தூரம் போனதும் அவர் தொண்டையைச் செருமினார்.

"எனக்கும் ஓட்டக் கத்துத் தருவியா?"

"முதல்ல வீட்ல இருக்கிற மூட்டையெல்லாம் ஏத்துங்க. நாலு பள்ளிக்கூடம் பாக்கி. அதுக்கப்புறம் பாக்கலாம்."

அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு பள்ளிகளுக்குச் சீருடை போய்ச் சேர்ந்துவிட்டது. மீதி இரண்டுக்கும் மறுநாள்.