அப்பா இறந்ததற்கு ஆடியவன்

அன்று காலையிலிருந்து என் அப்பா பல முறை இறந்துவிட்டார். சொந்த அப்பா அல்ல. அவர் முன்னறையில் நாளிதழும் கையுமாக நன்றாகத்தான் இருந்தார். இறந்தவர், கணினிக்குள் எங்கள் நர்சிங் கல்லூரி நடத்தும் மருத்துவமனையின் நாலாம் கட்டில்காரர். பாடம் எடுக்கும் நான் அவருடைய மகனாக நடிக்கிறேன். மாணவிகள் அவரவர் வீட்டிலிருந்தே அந்த வார்டுக்குள் வந்து, சாவுச் செய்தியை என்னிடம் பக்குவமாகச் சொல்லவேண்டும். அதுதான் பரீட்சை.

இதற்காக எனக்குக் கொடுத்திருக்கும் உருவம் ஆறடி உயரம், உரல் மாதிரி தோள். நிஜத்தில் நான் அலமாரியின் மேல்தட்டுக்கு மனைவியைக் கூப்பிடுகிறவன்.

அடுத்து வரவேண்டியவள் ‘சைலன்ட் மோடு’. கூடப் படிப்பவர்கள் வைத்த பெயர். ஊசி போட்டால் போட்டதே தெரியாது, அவ்வளவு நல்ல கை. வாய்தான் வராது. இதே பரீட்சையில் ஏற்கெனவே பாதி வாக்கியத்தில் நின்று தோற்றவள். இது கடைசி வாய்ப்பு. இதிலும் போனால் படிப்பே போச்சு.

பரீட்சை அவளுக்கு, பயம் எனக்கு. எழுந்து சமையலறைக்குப் போனேன். தண்ணீர் குடிக்காமலே திரும்பினேன். மறுபடி போனேன்.

“ஏங்க, பொறியில மாட்டின எலி மாதிரி ஏன் இப்படிச் சுத்துறீங்க?” என்றாள் மனைவி.

“அப்பா சாகப்போறாரு.”

“அதான் காலையிலேர்ந்து செத்துக்கிட்டே இருக்காரே. காலை ஆட்டாம உக்காருங்க.”

“யாரும்மா செத்தது?” என்றார் அப்பா, முன்னறையிலிருந்து.

“நீங்க இல்ல மாமா. நீங்க படிங்க.”

ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். திரையில் வார்டு. அதன் மூலையில் துறைத் தலைவி மேடத்தின் உருவம், கண்கொட்டாமல். அவருடைய சட்டம் கறார்: நடுவில், அவராகக் கேட்டாலொழிய, நான் மகனாக இல்லாமல் வாத்தியாராக ஒரு வார்த்தை பேசினாலும் பரீட்சை செல்லாது.

கதவு திறந்தது. அவள் உருவம் முதலில் சுவரில் முட்டி, பிறகு வழி கண்டுபிடித்து என் முன்னால் நின்றது.

“அண்ணா, உங்க அப்பா…”

நின்றுவிட்டாள். சொல்லித் தொலையேன் தாயே என்று வாய்க்குள்ளேயே கெஞ்சினேன்.

“உங்க அப்பா இறந்துட்டாரு. எங்களால காப்பாத்த முடியல.”

சொல்லிவிட்டாள்! அந்தச் சந்தோஷத்தில், உருவத்தை அழவைக்கும் கீபோர்டு விசைக்குப் போன என் விரல் பக்கத்து விசையில் விழுந்தது. பக்கத்து விசை ஆட்டம். முதலில் கம்ப்யூட்டர் விளையாட்டாக இருந்ததைத்தான் பின்னால் ஆஸ்பத்திரியாக மாற்றினார்களாம். மாற்றிய புண்ணியவான் ஆட்டத்தை எடுக்க மறந்திருக்கிறான்.

ஆறடி ஆள், அப்பாவின் கட்டில் பக்கத்தில் இடுப்பை வெட்டி வெட்டி ஆடினான். நிறுத்துவதற்கு எதை எதையோ அழுத்தினேன். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு இன்னும் உற்சாகமாக ஆடினான். மன்னிப்புக் கேட்கலாமென்றால் சட்டம். அவள் அசையாமல் நின்றாள். ஒரு பெண்ணின் படிப்பைக் கெடுத்த பெருமை என் ஒற்றை விரலுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

“அண்ணா,” என்றாள். மனப்பாடம் செய்த குரல் இல்லை. “ஆடுங்க, பரவாயில்ல. கேட்டதும் என்ன செய்யறதுன்னு யாருக்குமே தெரியாது. எங்க சித்தப்பா போனப்ப நான் சிரிச்சுட்டேன். அடிக்க வந்துட்டாங்க. உங்களை யாரும் எதுவும் சொல்லாம நான் பாத்துக்கறேன்.”

மேடத்தின் குரல் குறுக்கே வந்தது. “சார், அந்த ஆட்டம் நீங்களா செஞ்சதா?”

பொய் சொல்லலாம். ஆனால் எனக்குப் பொய் சொன்னால் விக்கல் வரும். “கை தவறிடுச்சு மேடம்.”

“அப்ப செல்லாது. முதல்லேர்ந்து ஆரம்பிங்க.”

‘இறந்துட்டாரு’ என்ற வாக்கியத்தை அவள் இன்னொரு தடவை தாண்டமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் சொன்னாள்:

“ஒரு நிமிஷம் மேடம். அவரு இன்னும் உக்காரல.”

அவள் ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டாள். நான் விசைகளை ஒவ்வொன்றாகத் தடவி, கடைசியில் என் தடியனை உட்காரவைத்தேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாதி உடம்பு நாற்காலிக்குள் புதைந்துபோனது, அவள் கவனிக்கவில்லை.

“பாஸ்,” என்றார் மேடம், கொஞ்ச நேரம் கழித்து. உடனே பழைய கறாருக்குத் திரும்பினார். “சார், மிச்சம் இருக்கறவங்களுக்கும் நீங்க ஆடணும். பரீட்சைன்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

அடுத்து வந்தவள் வகுப்பில் முதல் மார்க் வாங்குகிறவள். செய்தியை ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். நான் ஆடினேன்.

“சார், உங்க கம்ப்யூட்டர் ஹேங் ஆயிடுச்சு,” என்றாள். “ஆஃப் பண்ணிட்டு வாங்க, நான் வெயிட் பண்றேன்.”

பதில் சொல்லச் சட்டம் இடம் தராது. உட்காரச் சொல்ல ஆளில்லாமல் ஆடிக்கொண்டே இருந்தேன்.