சுவரில் முளைத்த நெல்

நாகையாவால் ஓரிடத்தில் உட்கார முடியாது. மலாய் நாட்டில், பிரிக்பீல்ட்ஸ் செங்கல் காளவாயில் மண் குழைக்கும் வேலை முடிந்ததும் மற்றவர்கள் கள்ளுக்கடைப் பக்கம் நடப்பார்கள். அவன் ஆற்றோரம் தான் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு ஓடுவான்.

வீடென்றால் ஒரே அறை. காளவாயில் கழித்துப்போட்ட உடைந்த செங்கல், மண் சாந்து, மேலே அத்தாப்பு ஓலைக் கூரை. அவன் மனைவி சீதாலெட்சுமிக்கு இது நிறைமாதம். கூலி லயத்தில் அவர்கள் இருந்த அறையை ஒரு கோணிச்சாக்கு இரண்டாகப் பிரித்தது. அந்தப் பக்கம் வேறொரு குடும்பம்.

"சாக்குக்குப் பின்னால நான் பெத்துக்க மாட்டேன்" என்று அவள் சொல்லிவிட்டாள்.

சானிட்டரி போர்டு அதிகாரி ஆடி முடிவதற்குள் பார்க்க வருவார். சுவர் உறுதியாக இருந்தால் குடியேறலாம். இல்லையென்றால் இடிக்கச் சொல்லிவிடுவார்.

மண் பூச்சு வெடிக்காமலிருக்க உமி கலப்பது காளவாய்க்காரர்களின் வழக்கம். சூளையில் எரிப்பதற்காகக் காளவாயின் சீன முதலாளி தவுக்கே கிள்ளான் அரிசி மில்லிலிருந்து வண்டி வண்டியாக உமி வரவழைப்பார். அதில் மழையில் கிடந்து மக்கிய பழைய உமியைத்தான் பூச்சுக்கு எடுப்பார்கள். அந்தக் குவியல் காளவாயின் மறுகோடியில் இருந்தது. நாகையா அன்றைக்கு வந்திறங்கிய சாக்கையே தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

"புடைச்சாவது போடுங்க. முழு நெல்லாக் கெடக்கு பாருங்க" என்றாள் சீதாலெட்சுமி.

"சோறா ஆக்கப் போறோம்? சுவத்துக்குப் பல்லா இருக்கு, கடிபட?"

பூசி முடித்தான். காய்ந்துவிட்டதா என்று மணிக்கொரு தரம் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். அவன் விரல் பட்ட குழிகள் சுவரெங்கும் அம்மைத் தழும்புபோல் விழுந்தன. அப்புறம் சாரல் அடித்தது. விடாமல் அடித்தது. ஒருநாள் காலையில் தெருவைப் பார்த்த சுவர் முழுக்க மெல்லிய பச்சை ரோமம்போல் நெல் முளைத்திருந்தது.

நாகையா பூச்சுக் கரண்டியை எடுத்தான். சுரண்டப் போன கையை, லயத்து வள்ளியம்மா பின்னாலிருந்து பிடித்தாள். ஆடிமாதத்தில் மாரியம்மனுக்கு முளைப்பாரி போடும்போது பெண்களுக்கெல்லாம் முன்னால் நிற்பவள் அவள்தான்.

"கரண்டியக் கீழ வைடா. ஆடி மாசத்துல ஆத்தா தானா வந்து பாரி போட்டுருக்கா. நீ சுரண்டறியா?"

"ஆத்தா இல்லக்கா, உமி. நான் புடைக்காமப் போட்டுட்டேன்."

"உன்னைப் புடைக்க விடாமப் பண்ணது யாரு?"

நாகையா கரண்டியைக் கீழே வைத்தான்.

மத்தியானத்துக்குள் சுவரில் மஞ்சளும் குங்குமமும் ஏறின. காலையும் மாலையும் லயத்துப் பெண்கள் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் குலவையிட்டார்கள். பயிர் செழித்தது. சுவரின் அடி ஊறியது. நாகையா வேலையில் மண்ணை மிதித்துக்கொண்டிருக்கும்போதே கால்கள் நின்றுவிடும். தன் சுவர் சரிவதுபோல் ஒரு சத்தம் காதில் கேட்கும். சொல்லாமல் ஓடிவந்து பார்ப்பான். சுவர் நிற்கும். திரும்பி ஓடுவான். தவுக்கே மலாயில் திட்டுவார்.

"சாமியக் கும்பிட்டே வீட்டக் கரைச்சுருவாளுங்க" என்று அவன் புலம்பினான்.

சீதாலெட்சுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவளும் அந்தச் சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவள்தான். நேரே வள்ளியம்மாவிடம் போனாள்.

"அக்கா, பாரி முளைச்சு நாளாச்சு. ஆத்துல விட வேணாமா? விடாம வச்சிருந்தா தெய்வக்குத்தம் இல்லையா?"

வள்ளியம்மா யோசித்தாள். "அது சரிதான். ஆனா சுவத்த எப்படிடி தூக்கிட்டுப் போறது?"

"பூச்சு மேலதானே முளைச்சிருக்கு? ஊறிப்போயிருக்கு, உரிச்சா வந்துரும்."

வந்தது. தோசையை எடுப்பதுபோல் பெண்கள் பூச்சைத் துண்டு துண்டாக உரித்துத் தாம்பாளங்களிலும் முறங்களிலும் வைத்தார்கள். கும்மியடித்துக்கொண்டு கிள்ளான் ஆற்றுக்கு ஊர்வலம் போனார்கள். அவர்கள் தலை மறைந்ததும் நாகையா வெறும் செங்கலைத் தடவிப் பார்த்தான். நல்லவேளை, கல் அசையவில்லை.

இனி உமியே வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தான். மறுநாள் சூளையைத் திறந்தபோது உமி எரிந்த சாம்பல் முழங்கால் உயரம் கிடந்தது. எரிந்தது முளைக்காது. அதைக் கூடையில் வாரிக்கொண்டு நடந்தவன் பாதி வழியில் நின்றான்; திரும்பி ஒரு சல்லடையும் வாங்கி வந்தான். சலித்த சாம்பலைச் சுண்ணாம்போடு குழைத்துப் பூசினான். இந்த முறை சீதாலெட்சுமி அவன் கட்டைவிரலில் துணியைச் சுற்றிக் கட்டிவிட்டாள்.

சாம்பல் நிறத்தில் சுவர் இறுகிக்கொண்டு வந்தது. மழை பட்டும் கரையவில்லை.

போர்டு அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். குடை முனையால் சுவரைக் குத்தினார்.

"இதென்ன, சீமெந்தே?"

"உமிச் சாம்பலுங்க, ஐயா."

"உமியோ? ஏதோ சுவரிலை நெல் விளையுது எண்டு சனம் கதைச்சுது. அது எந்த வீடு?"

நாகையா தொண்டையைச் செருமினான். சீதாலெட்சுமி முந்திக்கொண்டாள். "இதே வீடுதாங்க ஐயா. அறுவடை ஆயிருச்சு."

அதிகாரி சிரித்துவிட்டார். இன்னொரு தரம் பலமாகக் குத்தினார். வெள்ளையாக ஒரு கீறல் விழுந்தது, அவ்வளவுதான். "சரி, இருங்கோ" என்று அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

அன்றைக்கே சட்டி பானையோடு குடிவந்தார்கள். அவள் சுவரில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டிக்கொண்டாள். வெளியே டக் டக்கென்று சத்தம் கேட்டது. நாகையா மூலைக்கு மூலை தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் என்ன தட்டறீங்க? உள்ள ஆளு இருக்கேன்!"

சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் வீட்டின் மறுபக்கத்திலிருந்து, முன்னைவிட மெதுவாக, மறுபடியும் கேட்டது.