திதிக்கு விட்ட இடம்

1

இந்தக் கதை ஒரு வெற்றிடத்திலிருந்து வந்தது. நாலு தாள் கொண்ட பழைய கல்வெட்டு ஒன்று. அதன் முதற் பாட்டில், திதி வரவேண்டிய இடத்தில் எழுத்து இல்லை. அச்சுக் கோத்தவர் மறந்தாரா, எழுதியவர் விட்டாரா, தெரியாது.

அதை ஒரு பழைய பெட்டியில் கண்டெடுத்தேன் என்று எழுதினால் நம்புவீர்கள். காணவில்லை. எனக்கு அந்த வெற்றிடம் தேவைப்பட்டது. அதற்காகக் கல்வெட்டை உண்டாக்கினேன்.

(வெளியூர் வாசகருக்கு: யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு என்பது, ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் கொடுக்கும் சிறு புத்தகம். முதலில் இறந்த திதியைச் சொல்லும் வெண்பா. பிறகு ஊர், குலம், குணம். பிறகு புலம்பல்கள்: மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், தாய் புலம்பல். புலம்புகிறவர் எவரும் அதை எழுதுவதில்லை. பாட்டுக் கட்டத் தெரிந்த ஒருவர் எழுதிக் கொடுப்பார்.)

2

தொடக்கங்கள்.

"1936ஆம் ஆண்டு மாசி மாதம். அளவெட்டியில் புகையிலை வெட்டு மும்முரமாக நடந்துகொண்டிருந்த" — பள்ளிக்கூடப் புத்தகம். வெட்டினேன்.

"பூரணம் அழவில்லை." அழாத தாய்மாரைக் கதை எழுதுகிறவர்களுக்குப் பிடிக்கும். என் பூரணம் அழுதாள். செத்த வீட்டில் எல்லோரையும்விடச் சத்தமாக அழுதாள். அதற்கு முன் ஒரு பொய் சொன்னாள்.

அங்கிருந்து தொடங்குகிறேன்.

3

மகன் தில்லைநாதன். பத்தொன்பது வயது. நெருப்புக்காய்ச்சலில், அதாவது டைபாய்டில், கிடந்து பதினெட்டாம் நாள் இறந்தான். தகப்பன் ஏரம்பு தோட்டத்தில் நின்றார். தாய் மட்டுமே பக்கத்தில்.

ஏரம்பு ஓடிவந்து, "என்னெண்டு போனவன்?" என்று கேட்டார்.

"என்ரை மடியிலைதான். தண்ணி கேட்டவன். குடுத்தன். ஒரு மிடறு குடிச்சான். போயிட்டான்."

ஏரம்பு அந்த ஒரு மிடற்றைப் பிடித்துக்கொண்டார். வந்தவர் போனவர் எல்லோருக்கும் சொன்னார். சொல்லச் சொல்ல அவரால் எழுந்து நடக்க முடிந்தது, சாப்பிட முடிந்தது.

நடந்தது வேறு. பதினேழு இரவு விழித்தவள் அன்று மத்தியானம் சுவரில் சாய்ந்தாள். கண் திறந்தபோது வெயில் முற்றத்து மாதுளையடிக்குப் போயிருந்தது. பிள்ளையின் கை குளிர்ந்திருந்தது. செம்பில் தண்ணீர் தளும்ப இருந்தது.

[என் அண்ணன் போனபோது நான் — இந்த வாக்கியம் இங்கே வேண்டாம்.]

4

பாட்டுக் கட்டியவர் மார்க்கண்டு வாத்தியார். பகலில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். மாலையில் ஊரின் சாவுகளுக்கு எழுதுவார். இருபத்தைந்தாம் நாள் பின்னேரம் தாய் புலம்பலைப் படித்துக்காட்ட வந்தார்.

முற்றத்தில் பாய் விரித்த சின்னாச்சி, ஏரம்புவின் தமக்கை, வாயை வைத்துக்கொண்டு இருக்கவில்லை.

"வாத்தியார், எனக்கும் இப்பவே ஒண்டு எழுதி வையுங்கோ. செத்தாப் பிறகு உங்கடை பொய்யைத் திருத்த எனக்கு ஏலாது."

"உங்களைப் பற்றி மெய் எழுதினால், அக்கா, அந்தியேட்டிக்குச் சனம் வராது."

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார்.

*மடிமீது தலைசாய்த்து நீர்கேட்ட என்மகனே*
*மிடறொன்று குடித்தாயே மிச்சமதை யார்குடிப்பார்*

சின்னாச்சி மூக்கைச் சிந்தினாள். ஏரம்பு சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு வேலிப்பக்கம் போனார். இருபத்தைந்து நாளில் அவர் அழுதது அன்றைக்குத்தான். அந்தப் பாட்டை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

வாத்தியார் பஞ்சாங்கத்தை விரித்தார்.

"தங்கச்சி, திதி வெண்பா ஒண்டுதான் மிச்சம். அண்டைக்கு இருபத்தொரு நாழிகை வரைக்கும் சப்தமி. மணிக்கூட்டுக்கு மூண்டு மணிக்குக் கொஞ்சம் முந்தி. பிறகு அட்டமி. பிள்ளை தண்ணி குடிச்சது முந்தியோ, பிந்தியோ?"

(திதி பாட்டுக்காக மட்டும் இல்லை. ஆண்டுதோறும் அந்தத் திதியில்தான் இறந்தவனுக்குச் சோறு படைப்பார்கள். திதி தவறினால் அவன் பசியோடு வந்து பசியோடு திரும்புவான். அந்த வீட்டில் எல்லோரும் அப்படி நம்பினார்கள். பூரணமும்.)

5

"சொல்லன் மச்சாள்," என்றாள் சின்னாச்சி. "நீதானே மடியிலை வைச்சிருந்தனி."

"நீங்கள் போய் வாத்தியாருக்குத் தேத்தண்ணி போடுங்கோ, மச்சாள்."

சின்னாச்சி குசினிக்குள் போகும்வரை பூரணம் பொறுத்திருந்தாள்.

"வாத்தியார், உந்தத் தண்ணியை எடுத்துப்போடுங்கோ."

"ஏன்? பாட்டின்ரை உயிரே அதிலையெல்லே கிடக்கு."

"எடுங்கோ."

"தங்கச்சி, எல்லாத் தாய்மாரும் அதைத்தான் சொல்லுறவை. இவ்வளவு காலத்துக்கு நான் ஒரு நாப்பது தாய்மாருக்கு உந்தத் தண்ணியை எழுதியிருப்பன். ஒருத்தரும் எடுக்கச் சொல்லேல்லை."

பூரணம் நிமிர்ந்து பார்த்தாள்.

"நாப்பது பேரும் முழிச்சிருந்தவையோ?"

குசினியில் கேத்தில் மூடி விழுந்து உருண்டது.

"நான் கேக்கேல்லை," என்றார் வாத்தியார். பிறகு, "ஒருத்தரையும் கேக்கேல்லை."

"நான் நித்திரை, வாத்தியார்."

(இங்கே வாத்தியாருக்கு ஆறு பதில் எழுதினேன். ஒன்றில் விதியைப் பற்றிச் சொன்னார். ஒன்றில் தன் வீட்டுச் சாவு ஒன்றைச் சொன்னார். ஒன்றில் அவள் கையைப் பிடித்தார். அளவெட்டியில் 1936இல் பிடிக்கமாட்டார். ஆறையும் வெட்டினேன்.)

அவர் பென்சிலைக் காதில் செருகினார். பஞ்சாங்கத்தை மூடினார்.

"நான் கொஞ்ச நேரம் இதிலை இருக்கிறன்," என்றார்.

தேத்தண்ணி வந்தது. ஆறியது. அது ஆறிய பிறகும் இருந்தார்.

6

முடிவுகள்.

அ. பூரணம் ஏரம்புவிடம் சொல்கிறாள். ஏரம்பு பிடித்துக்கொண்டு நின்ற ஒரு மிடறு தண்ணீர் போய்விடுகிறது. அவர் அவளைப் பார்த்து

(இதற்கு மேல் ஓடவில்லை.)

ஆ. சொல்லவில்லை. ஒவ்வொரு மாசியிலும் இரண்டு திதிக்கும் இரண்டு நாள் படைக்கிறாள். "இஞ்சரப்பா, நேற்றும் சமைச்சுப் படைச்சனி, இண்டைக்குமோ?" என்கிறார் ஏரம்பு. "நேற்றையது காகத்துக்கு," என்கிறாள். அழகாக இருக்கிறது. ஆனால் அவள் சாகும்வரை ஆண்டுக்கு இரண்டு தரம் அந்தச் செம்பை நிரப்பவேண்டும். எழுதுகிறவனுக்கு அது ஒரு வரி.

இ. இருபத்தெட்டாம் நாள் காலை. வாத்தியார் அவர்கள் வீட்டிலிருந்து கையெழுத்துப் பிரதியோடு அச்சுக்கூடத்துக்குப் புறப்படுகிறார். பூரணம் வாசல் படலையில் மறிக்கிறாள்.

"தண்ணி கிடக்கட்டும், வாத்தியார். அவருக்கு அது வேணும்."

"திதி?"

"அது பிள்ளைக்கெல்லே. அதிலை பொய் போடாதேயுங்கோ."

"அப்ப என்னத்தைப் போட?"

அவள் படலையைத் திறந்து விடுகிறாள். அவ்வளவுதான்.

மூன்றில் இதைத்தான் நம்புகிறேன். இதுவும் முடியவில்லை. அடுத்த மாசியில் ஏரம்பு, "எண்டைக்குப் படைக்கிறது?" என்று கேட்பார். அப்போது அவள் வாயைத் திறக்கவேண்டும்.

7

வாத்தியார் அச்சுக்கு விட்டது இது (அபரபக்கம் என்பது தேய்பிறை):

*யுவ வருடத்து மாசி அபரபக்கம் . . . . . . . . . .*

யாருடைய பக்கத்திலாவது கடைசிவரை விழித்திருந்தவர் நீங்கள் என்றால், ஒரு பென்சிலை எடுத்து அந்த இடத்தை நிரப்புங்கள். எனக்கு அந்த உரிமை இல்லை.

அண்ணன் போன நேரம் நான் தேநீர் குடிக்கப் போயிருந்தேன்.