தாக்கினார்

கழுத்து நரம்பில் பிடித்த வலி அன்று தோளைத் தாண்டி முழங்கை வரை இறங்கியிருந்தது. காலை எட்டு மணிக்கு அச்சகத்து மேஜை மேல் குனிந்த தலை, மாலை ஐந்தரைக்குத்தான் நிமிர்ந்தது. ஏதோ ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கை, நூற்று நாற்பது பக்கம். அதில் கிடந்த ஒற்றுப்பிழைகளைப் பொறுக்கி முடித்துவிட்டு, கையை உதறிக்கொண்டே வீட்டு வாசலுக்கு வந்தாள் மூத்தவள். செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மாவின் குரல் கேட்டது.

"கை ஒடிஞ்சதுக்குக் கட்டுப் போட்டாச்சுல்ல? ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வந்து கூட்டிட்டுப் போறேன்னு போன் பண்ணிட்டாரு. அதுக்குள்ள ஆபீஸு, மனுன்னு எதுக்குடி குதிக்கிற?"

இளையவள் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். வலது கையில் முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் வீங்கி, யாரோ வேறொருத்தியின் விரல்கள் மாதிரி இருந்தன.

"உங்கப்பன் என்னை அடிக்காத அடியா? குடிச்சான், அடிச்சான், ஒரு நாள் செத்தும் போனான். நான் எந்த ஆபீஸ்ல போய் எழுதிக் குடுத்தேன்?"

"எழுதத் தெரிஞ்சிருந்தா நீயும் குடுத்திருப்பே," என்றபடி மூத்தவள் உள்ளே வந்தாள்.

"வந்துட்டாம்மா சிவப்பு மை!" அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "நீதான் யாரையும் கட்டிக்கலே. கட்டிக்கிட்டவளையும் அத்துக்கிட்டு வரச் சொல்லு. ஊரே மெச்சும்."

சிவப்பு மை என்பது அச்சகத்தில் வைத்த பெயர். பிழை திருத்தும் வேலையில் பதினாறு வருஷம். அச்சகத்தோடு விட்டாளா என்றால் இல்லை. கடைப் பலகை, பேருந்து டிக்கெட், பக்கத்து வீட்டுக்காரி வாசலில் ஒட்டிய 'நாய்கள் ஜாக்கிரதை' எதையும் அவள் சும்மா விட்டதில்லை. "நாய்கள் எதுக்கும்மா ஜாக்கிரதையா இருக்கணும்?" என்று கேட்டு அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை நின்று மூன்று வருஷமாகிறது.

அம்மா இருபத்திரண்டு வருஷம் கட்டட வேலையில் செங்கல் சுமந்தவள். சும்மாடு உட்கார்ந்த இடத்தில், உச்சந்தலையில், ஒரு ரூபாய் அகலத்துக்கு முடி கிடையாது. அந்தத் தலையால் படிக்கவைத்த பிள்ளைகள் இரண்டு. மூத்தவள் அச்சகத்துக்குப் போனாள். இளையவளை மோட்டார் பட்டறைக்காரன் ஒருவன் கேட்டு வந்தான். சொந்தப் பட்டறை, சொந்த வீடு. அன்றிலிருந்து அம்மாவின் வாயில் அவன் 'அவரு'. சொந்தப் புருஷனுக்குச் சாகும்வரை கிடைக்காத 'ர்' அது.

இளையவள் இடது கையால் பைக்குள் துழாவி, மடித்த தாள்களை எடுத்து நீட்டினாள். கோடு போட்ட நோட்டுத் தாள், எட்டுப் பக்கம். சமையலறை அலமாரித் தட்டில் விரித்திருந்த தாளுக்கு அடியில் ஒளித்து ஒளித்து, நாலு மாசமாக எழுதியது. கை ஒடிவதற்கு முந்தின நாள் வரைக்கும் எழுதியிருந்தாள்.

"நாளைக்கே குடுத்துடணும்க்கா. ஞாயித்துக்கிழமை அவன் வந்து நின்னா அம்மா என்னைப் பையோட அனுப்பிருவா. மனுவை விசாரணைக்கு எடுத்துட்டாங்கன்னா யாரும் என்னை அனுப்ப முடியாது. கொஞ்சம் பாத்துக் குடு."

மூத்தவள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். படித்தாள் என்று சொல்ல முடியாது. திருத்தினாள். பேனா முதல் வரியிலேயே இறங்கிவிட்டது.

"'எனது கணவர்' தப்புடி. 'எனது'ன்னா பொருளுக்கு வரும். ஆளுக்கு 'என்'தான்."

"அவன் என்னை 'எனது'ன்னுதான் வெச்சிருந்தான்."

"விளையாடாதே. இது என்ன, 'சுவற்றில் தலையை மோதினான்'? சுவற்றில்னு ஒரு சொல்லே கிடையாது. 'சுவரில்'." திருத்தினாள். சுவர் சரியாகிவிட்டது. தலைக்கு என்ன ஆனது என்று அவள் கேட்கவில்லை. "'நெரிக்க முயற்சித்தான்', அதுவும் தப்பு. 'முயன்றான்'னு வரணும்."

நாலாவது பக்கத்தில் பேனா நின்றது. அந்தப் பக்கங்களில் அவன் தூங்கும்போது 'அவர்', பட்டறைக்குப் போகும்போது 'அவர்', கையை ஓங்கினால் 'அவன்'. ஒரே வாக்கியத்தில்கூட அப்படி இருந்தது: 'அவர் சாப்பிட்டு முடித்ததும் தட்டால் அடித்தான்.'

"எழுவாய் 'அவர்'னா பயனிலை 'அடித்தார்'னுதான் முடியணும். இப்படிக் கலந்துகட்டி எழுதினா படிக்கிறவங்க சிரிப்பாங்க."

"அப்ப எல்லாத்தையும் 'ன்' ஆக்கிடு."

"ஆபீஸ் மனுவுல புருஷனை அவன் இவன்னு எழுதுவாங்களா? தரங்கெட்ட குடும்பம்னு நெனைப்பாங்க. செங்கல் சுமந்தவ பொண்ணுங்கன்னு நெத்தியில ஒட்டிக்கிட்டுப் போகணுமா?"

"அதைச் சொல்லு!" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து. பெரிய மகள் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தையை அவள் ஒத்துக்கொண்டது அந்த வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

இளையவள் அக்காவைப் பார்த்தாள். வலி மாத்திரையில் கண் செருகியது. "உனக்குத் தெரியும். எழுது," என்றுவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

எட்டுப் பக்கம் ஒரு பக்கமாயிற்று. ஆபீசில் அதற்கு மேல் யாரும் படிக்க மாட்டார்கள் என்பது மூத்தவளின் கணக்கு. தட்டு போயிற்று, குளியலறைக் குழாய் போயிற்று, திருப்புளி போயிற்று. எல்லாம் சேர்ந்து 'பலமுறை தாக்கினார்' என்று ஆயிற்று. 'கையை முறுக்கி ஒடிச்சான்' என்று தங்கை வாயால் சொல்லியிருந்தது 'வலது மணிக்கட்டு முறிந்தது' என்று அழகாக முடிந்தது. சுத்தமாகப் படியெடுத்து, மை காய்ந்ததும், இளையவளின் இடது பெருவிரலைப் பிடித்துக் கீழே ரேகை வைக்கச் செய்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, பதினோரு மணி. பெண்கள் பாதுகாப்பு ஆபீசில் மனு வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி இருந்தாள். அவள் மேஜையில் இரண்டு தட்டுகள். ஒன்றில் 'சமரசம்' என்று சீட்டு ஒட்டியிருந்தது, இன்னொன்றில் 'விசாரணை'. சமரசத் தட்டு வழிந்து, மேலே கனத்துக்கு ஒரு தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார்கள். விசாரணைத் தட்டில் அதிகாரியின் சாவிக்கொத்து கிடந்தது.

அதிகாரி மனுவை அரை நிமிஷத்தில் படித்து முடித்தாள்.

"யார் எழுதினது?"

"நான்தான் மேடம். இவ அக்கா."

"ஒரு பிழை இல்லையே! இப்படி ஒரு மனு இந்த ஜன்னலுக்கு வந்து எத்தனை வருஷமாச்சு."

மூத்தவளுக்குக் கழுத்து வலி ஒரு கணம் விட்டுப்போனது. அடுத்த கணம் அதிகாரி தண்ணீர் பாட்டிலைத் தூக்கி, மனுவைச் சமரசத் தட்டில் வைத்து, மறுபடி பாட்டிலை வைத்தாள்.

"மேடம், அது விசாரணைக்கு..."

"எதுக்கு? இங்க வர்றவளுங்க எழுதுறதைப் பாத்திருக்கீங்களா? அவன், இவன், நாசமாப் போறவன்னு ஆரம்பிப்பாளுங்க. அதெல்லாம் முறிஞ்ச கேஸு. இதுல ஒன்பது இடத்துல 'ஆர்' போட்டிருக்கு. நான் எண்ணிட்டேன்." இளையவளைப் பார்த்தாள். "கோவத்துல வந்துட்டே. ஆனா அவரை நீ இன்னும் மனசுல வெச்சிருக்கே. மரியாதை இருக்கிற வீடு. ஞாயித்துக்கிழமை வந்தார்னா உக்காந்து பேசிட்டு, நல்லபடியாக் கிளம்பிப் போ."

"கை ஒடிஞ்சிருக்கு மேடம்!"

"'முறிந்தது'ன்னுதானே இருக்கு? விழுந்தாலும் முறியும். அடுத்த ஆள்."

பின்னால் நின்றவள் தன் காகிதத்தை உள்ளே நீட்டினாள். இளையவள் கட்டுப்போட்ட கையை ஜன்னல் பலகை மேல் வைத்து வழியை மறித்தாள்.

"அது நான் எழுதினது இல்லைங்க."

"ரேகை உன்னோடதுதானே?"

"ரேகை என்னோடது. 'ஆர்' என்னோடது இல்லை. அதை எடுங்க. திருத்தணும்."

அதிகாரிக்கு எரிச்சல் முகத்திலேயே தெரிந்தது. காகிதத்தை உருவி எறியாத குறையாகத் தள்ளினாள். "திருத்தினா ஒவ்வொரு திருத்தத்துக்குப் பக்கத்துலயும் ரேகை வைக்கணும். ஒண்ணு விட்டாலும் செல்லாது."

மூத்தவள் பேனாவை எடுத்தாள்.

"சிவப்பு மை கூடாது! அது நாங்க எழுதுற மை."

அதிகாரியிடமே நீலப் பேனா கடன் வாங்கி, ஜன்னல் பலகையில் வைத்து அடிக்க ஆரம்பித்தாள். இளையவள் பக்கத்தில் நின்று சொன்னாள்.

"'தாக்கினார்' எடுத்துட்டு 'அடிச்சான்'னு போடு."

"'அடித்தான்'னு..."

"'அடிச்சான்'னு போடு. 'முறிந்தது' அடி. 'முறுக்கி ஒடிச்சான்'. அடுத்தது."

ஒன்பது 'ஆர்', ஒரு மணிக்கட்டு. ஒவ்வொன்றுக்கும் இடது பெருவிரலை மைப்பெட்டியில் அழுத்தி வைத்தாள் இளையவள். பத்து ரேகை விழுந்ததும், பிழையில்லாத அந்த மனு, யாரோ கரிக்கையோடு போட்டுப் புரட்டியது போல ஆனது.

அதிகாரி அதைத் தூக்கிப் பார்த்தாள். "சரி. 'பலமுறை'ன்னு இருக்கு. எப்போ, எங்கே, எதால? அந்த விவரம் இல்லாம என்னால விசாரணைக்கு அனுப்ப முடியாது."

"எட்டுப் பக்கம் எழுதியிருந்தேங்க."

"எங்கே அது?"

இளையவள் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

"கிழிச்சுட்டேன்," என்றாள் மூத்தவள். "சுத்தப்படி எடுத்ததும் பழைய தாளைக் கிழிச்சுடுவோம். அச்சகத்துப் பழக்கம்."

"நல்ல பழக்கம்," என்றாள் அதிகாரி. "மூணு மணிக்கு ஜன்னலைச் சாத்திருவேன். அதுக்குள்ள விவரம் வரலேன்னா, சமரசம்தான்."

தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு இருந்தது. மூத்தவள் எதிர்க்கடையில் தாள் வாங்கிவந்து, மடியில் பையை வைத்து, அதன்மேல் தாளை விரித்தாள்.

"சொல்லு, எழுதறேன்."

"சொல்ல மாட்டேன்."

"நேரம் இல்லடி."

"நாலு மாசம் ஆச்சு அதை எழுத. திரும்ப ஒரு தடவை வாயால சொல்ல என்னால ஆகாது. நீதானே படிச்சே? நீதானே வெட்டினே? வெட்டினதை எல்லாம் எடுத்து வை."

"ஒரே விஷயத்தையே அஞ்சு இடத்துல எழுதியிருந்தேடி. கூறியது கூறல்னு பேரு. இலக்கணத்துல அது குற்றம்."

"அடிச்சதையே அடிக்கிறதுக்கு இலக்கணத்துல என்ன பேரு?"

மூத்தவள் பேனாவைத் திறந்தாள். தலையைக் குனிந்தாள்.

பிழை திருத்துகிறவர்கள் விட்டுவைத்ததை மறப்பார்கள், வெட்டியதை மறக்க மாட்டார்கள். கைக்கு ஞாபகம் இருந்தது. முதலில் தட்டு வந்தது. பிறகு சுவர். 'மூணு தடவை' என்பதை மிகை என்று அடித்திருந்தாள், அதை எழுதினாள். 'சுவரில்' என்று எழுதப்போன பேனாவை நிறுத்தி, 'சுவற்றில்' என்று எழுதினாள். குழாயடியில் தலையைப் பிடித்து அழுத்தியது. 'தண்ணி கேட்டேன், குடுக்கல.' அந்த வரியை நேற்று வெட்டியபோது அதில் எழுவாய் இல்லை என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. இன்று அதை ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுதினாள். அடுத்தது திருப்புளி.

எழுதி முடித்த ஒவ்வொரு தாளையும் இளையவள் வாங்கிப் படித்தாள். ஒரே ஓர் இடத்தில்தான் நிறுத்தினாள். "இங்க 'அழுதேன்'னு போட்டிருக்கே. நான் அழலை. அழுதேன்னு நான் எழுதவும் இல்லை." மூத்தவள் அதை அடித்தாள். பக்கத்தில் ரேகை விழுந்தது.

இரண்டரை மணிக்கு ஏழு பக்கம் முடிந்தது. மூத்தவள் பேனாவை மூடினாள்.

"எட்டு," என்றாள் இளையவள்.

மூத்தவள் ஏழு தாள்களையும் தட்டி அடுக்கினாள்.

"எட்டாவது பக்கம்க்கா."

"அது... மூணாவது பக்கம் மாதிரியேதான் ஆரம்பிச்சுது. 'அன்னிக்கும் விளக்கை அணைச்சான்'னு. அதே கதைதான்னு நெனச்சு, குறுக்கால ஒரு கோடு போட்டேன்."

"படிச்சியா?"

"படிக்கலை."

தாழ்வாரத்தில் யாரோ இரும்பு நாற்காலியை இழுத்துக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் போய் முடிந்ததும் மூத்தவள் கேட்டாள்.

"அதுல என்னடி இருந்துச்சு?"

"அது ஒரு தடவைதான்க்கா எழுத வந்துச்சு."

மூன்றடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஏழு பக்கங்களும் ஜன்னலுக்குள் போயின. அதிகாரி புரட்டினாள். உதட்டைச் சுழித்தாள். "என்ன இது, வரிக்கு ரெண்டு பிழை? காலையில அவ்வளவு சுத்தமா எழுதினீங்களே!"

"இதுதான் சரியான படி மேடம்," என்றாள் மூத்தவள்.

அதிகாரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து, ஏழாவது பக்கத்தின் நடுவில் கண் நின்று, சொல்லாமல் விட்டாள். சாவிக்கொத்தை எடுத்துவிட்டு, தாள்களைக் குண்டூசியால் சேர்த்து, விசாரணைத் தட்டில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்காரன் பழப்பையோடு வந்தான். அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள், "உக்காருங்க, உக்காருங்க" என்று நாலு தடவை சொன்னாள். இளையவள் உள்ளறையிலிருந்து எழுந்து வரவில்லை. மனு விசாரணைக்குப் போய்விட்டது என்று மூத்தவள் நின்றபடியே சொன்னாள். அவன் சிரித்தான். "பேப்பர்ல எழுதிட்டா ஆச்சா?" என்று கேட்டான். கொஞ்ச நேரம் உள்ளறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பழப்பையையும் எடுத்துக்கொண்டு போனான்.

"குடும்பத்தையே திருத்திட்டா சிவப்பு மை," என்று அம்மா சுவரைப் பார்த்துச் சொன்னாள். அதற்குப் பிறகு ஒரு மாசம் அவள் மூத்தவளோடு பேசவில்லை.

கட்டுப் பிரித்தார்கள். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஏழு பக்கங்களையும் ஒரு குமாஸ்தா தட்டுத் தடுமாறி உரக்கப் படித்தான். பட்டறைக்காரன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். ஏழு முடிந்ததும் அவன் நிமிர்ந்து பார்த்தான். அவ்வளவுதானா என்பது போல இருந்தது அந்தப் பார்வை. அவனுக்கு எட்டாவது தெரியும்.

இளையவள் இன்றுவரை அதைத் திரும்ப எழுதவில்லை. மூத்தவள் தன் தங்கைக்கு ஒரு பக்கம் பாக்கி.